வீசும் சக்கையில் சாயம், கிழிந்த துணியில் சித்திரம்

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை, மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. உயிர் தப்பியவர்கள் பாடசாலைகளிலும், பின்னர் மாக்கல்தெனிய தேயிலைத் தொழிற்சாலையிலும் தங்கினார்கள். பூனாகலைப் பக்கத்தில் அவர்களுக்குப் புதிய வீடுகள் கிடைத்தது 2016இல்தான். 2023 மார்ச்சில் பூனாகலை, கபரகலைத் தோட்டத்திலும் மண் சரிந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியுடன் வந்த பெருமழை பதுளை மாவட்டத்தில் மேலும் பல குடும்பங்களை வீட்டைவிட்டு வெளியேற்றியது.

இவ்வாறான இடப்பெயர்வுகளில் இரண்டு விடயங்கள் பொதுவாகக் காணப்படுகின்றன. ஒன்று காத்திருப்பு. காணி கிடைத்து வீடு கட்டி முடியும் வரை பாத்தி கட்ட மண் இல்லை. உழைத்த கைகள் சும்மா இருக்கின்றன. மற்றது குப்பை. நிவாரணமாக வந்த துணிகளில் உடுக்க உதவாதவை ஒரு மூலையில் கிடக்கின்றன. பொதுச் சமையலறையில் தேயிலைச் சக்கையும் வெங்காயத் தோலும் நாள்தோறும் குவிகின்றன. இந்தக் குப்பையைக் கொண்டு அந்தக் காத்திருப்புக் காலத்தில் என்ன செய்யலாம் என்பதை இங்கு விளக்குகிறோம்.

மற்றவர்கள் செய்தது

வங்காளத்துப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகப் பழைய பருத்திச் சேலைகளை அடுக்காக வைத்து, சேலைக் கரையிலிருந்து உருவிய நூலாலேயே தைத்துப் போர்வையாக்கினார்கள். இதற்குக் ‘காந்தா’ என்று பெயர். வெறும் நூலோட்டுத் தையல்தான். ஊசியை மேலும் கீழுமாக விட்டு நேராகப் போவதைத் தவிர வேறு வித்தை இல்லை.

தென்னமெரிக்காவின் சிலி நாட்டில் 1973 செப்டெம்பர் 11ஆம் திகதி இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. பலர் பிடித்துச் செல்லப்பட்டுக் காணாமற் போனார்கள். அவர்களுடைய தாய்மாரும் மனைவிமாரும் சாக்குத் துணியின் மேல் பழைய உடைகளின் துண்டுகளை வைத்துத் தைத்து, தங்கள் வாழ்வைப் படமாக்கினார்கள். பொதுச் சமையல் பானை, பூட்டிய தொழிற்சாலை, வீடு திரும்பாத மகன் எல்லாம் அந்தத் துணிகளில் இருந்தன. சாக்குத் துணியைக் குறிக்கும் ஸ்பானியச் சொல்லால் இவை ‘அர்பில்லேரா’ எனப்பட்டன. சந்தியாகோ நகரில் 1976இல் கத்தோலிக்கத் திருச்சபை தொடங்கிய மனித உரிமை அலுவலகம் இவற்றை வாங்கி வெளிநாடுகளில் விற்றுக் கொடுத்தது. அந்தப் பணத்தில் அடுப்பு எரிந்தது. நாட்டுக்குள் வாய்திறந்து சொல்ல முடியாததை அந்தப் படங்கள் வெளியுலகுக்குச் சொல்லின.

நமக்கு அருகிலும் உதாரணம் உண்டு. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலைக்குப் பின்னர், புதுச்சேரிக்கு அருகே ஆரோவில்லில் உள்ள ‘உபாசனா’ என்ற உடை வடிவமைப்பு நிலையம், மீனவக் கிராமப் பெண்களுக்கு மீதித் துணியில் ‘சுனாமிக்கா’ என்னும் சிறிய பொம்மை செய்யப் பழக்கியது. தென்னாபிரிக்காவில் கேப் டவுன் நகருக்கு அண்மையில் ஹவுட் பே என்னும் ஊரில், குடிசைப் பகுதிப் பெண்கள் பாவித்த டீ பேக்குகளைக் காயவைத்து, அவற்றில் சித்திரம் தீட்டி விற்றார்கள். தேயிலை விளையும் ஊவாவில் அந்தப் பொருளுக்குப் பஞ்சமில்லை. தோட்டத்தில் நாம் குடிப்பது தூள் தேயிலை. ஆனால் எல்ல, பண்டாரவளை, ஹப்புத்தளைப் பகுதி விடுதிகளில் டீ பேக்குகள் தினமும் குப்பைக்குப் போகின்றன.

துணியைத் தெரிவு செய்தல்

எல்லாத் துணியும் சாயம் ஏற்காது. ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி எரித்துப் பாருங்கள். கடதாசி எரியும் மணத்துடன் சாம்பலானால் அது பருத்தி. உருகிக் கறுத்த மணியாகத் திரண்டால் அது நைலெக்ஸ், பொலியெஸ்டர் போன்ற செயற்கைத் துணி. பருத்தியைச் சாயத்துக்கு வையுங்கள். செயற்கைச் சேலையை அதன் சொந்த நிறத்திலேயே பூ, கூரை, வானம் என்று வெட்டித் தைக்கலாம். பருத்தியிலான பழைய வேட்டி, படுக்கை விரிப்பு, பாடசாலைச் சீருடை ஆகியவை சாயத்துக்கு நல்லவை.

சாயம் பிடிக்கும் விதம்

மலைநாட்டில் தேநீரையே நாம் ‘சாயம்’ என்கிறோம். பெயர் பொருத்தமானதுதான். தேயிலையில் துவர்ப்புச் சத்து உண்டு. நாக்கை இறுகச் செய்யும் அதே சத்து, பருத்தி நூலையும் பற்றிக் கொள்கிறது. அதன் மேல் படிகாரம் சேர்ந்தால் மற்ற நிறங்களும் நூலில் நிலைக்கும். இரும்பு சேர்ந்தால் துவர்ப்பு கரும் சாம்பல் நிறமாகிறது. முற்காலத்தில் எழுதும் மை செய்ததும் இந்த முறையில்தான்.

மஞ்சள், பீட்ரூட் இரண்டையும் நம்ப வேண்டாம். முதல் நாள் பளிச்சென்று இருக்கும். மஞ்சள் வெயிலில் வெளுத்துவிடும். பீட்ரூட் கழுவக் கழுவப் போய்விடும். வாங்கியவரிடம் கெட்ட பெயர்தான் மிஞ்சும்.

செய்முறை

இந்த அளவுகள் அரைக் கிலோ உலர்ந்த பருத்தித் துணிக்கு உரியவை. ஏறக்குறைய ஒரு நூல் சேலையின் எடை அது.

1. இரண்டு மேசைக்கரண்டி சலவைச் சோடாவும் சிறிது சவர்க்காரமும் கலந்த நீரில் துணியை ஒரு மணித்தியாலம் அவித்து, நன்றாக அலசுங்கள். எண்ணெய்ப் பசையும் கஞ்சியும் போகாவிட்டால் சாயம் திட்டுத் திட்டாகப் பிடிக்கும்.

2. காயவைத்துச் சேர்த்த தேயிலைச் சக்கை அரைக் கிலோவை 10 லீற்றர் நீரில் ஒரு மணித்தியாலம் கொதிக்கவைத்து வடித்தெடுங்கள். அதில் துணியை இரவு முழுவதும் ஊறவிடுங்கள். இளம் கபில நிறம் வரும்.

3. 75 கிராம் படிகாரத்தைச் சுடுநீரில் கரைத்து, துணி தாராளமாக அமிழும் அளவு நீர் சேர்த்து, பிழிந்த துணியை மேலும் ஓர் இரவு அதில் வையுங்கள்.

4. கால் கிலோ பெரிய வெங்காயத் தோலை ஒரு மணித்தியாலம் அவித்து வடித்த நீரில் இத்துணியை மெல்லிய சூட்டில் முக்கால் மணித்தியாலம் வைத்தால் பொன் மஞ்சள் கிடைக்கும். பலா மரத் தச்சுவேலையில் விழும் வைரச் சீவலும் மஞ்சள் தரும். பௌத்த துறவிகளின் காவிக்குச் சாயமிட்டது அதில்தான். வெண்ணெய்ப் பழக் கொட்டையை அவித்தால் இளஞ்சிவப்புக் கலந்த கபிலம் வரும்.

5. கரும் சாம்பல் நிறம் வேண்டுமானால், துருப்பிடித்த ஆணிகளை வினாகிரியும் நீரும் கலந்து ஒன்றிரண்டு வாரம் ஊறவையுங்கள். அந்த நீரில் சிறிய கோப்பை ஒன்றை ஒரு வாளி நீரில் கலந்து, இரண்டாம் படி முடிந்த துணியை அதில் பத்து நிமிடம் மட்டும் அமிழ்த்தி உடனே அலசுங்கள். இரும்பு அதிகமானால் துணி இற்றுப்போகும்.

6. நிழலில் உலர்த்துங்கள். ஒவ்வொரு நிறத்திலும் ஒரு துண்டை எடுத்து, பாதியை அட்டையால் மூடி இரண்டு வாரம் வெயிலில் வையுங்கள். மூடிய பாதிக்கும் திறந்த பாதிக்கும் பெரிய வித்தியாசம் தெரிந்தால் அந்த நிறத்தில் செய்ததை விற்க வேண்டாம்.

சாயப் பாத்திரத்தைச் சமையலுக்கு எடுக்கக் கூடாது. மீந்த நீரைப் பீலிக்கரையிலோ ஓடையிலோ ஊற்றாதீர்கள். பதுளைப் பக்கத்தில் ஒக்டோபர் முதல் ஜனவரி வரை மழை கனக்கும். ஆகவே யூன் முதல் செப்டெம்பர் வரையான வெயிற்காலத்தில் சாயம் போட்டு வைத்துக்கொண்டு, மழைக்காலத்தில் உள்ளே இருந்து தைப்பது வசதி. ஈரத்துடன் மடித்து வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

டீ பேக் கடதாசி

டீ பேக் தாள் நீண்ட நாரினால் ஆனது. அதனால்தான் கொதிநீரிலும் கிழிவதில்லை. அன்றன்று பாவித்ததை வாங்கி முழுதாகவே நிழலில் காயவையுங்கள். பின்னர் கம்பியையும் நூலையும் அகற்றி, ஓர் ஓரத்தை வெட்டித் தூளைக் கொட்டி, மேலே ஒரு துணி போட்டு மெல்லிய சூட்டில் ஸ்திரி செய்யுங்கள். கொட்டிய தூள் சாயத்துக்கு உதவும். சில பைகள் நைலோன் வலையால் ஆனவை, அவற்றை ஒதுக்கிவிடுங்கள்.

தாள்களை ஒன்றின் ஓரம் மற்றதன் மேல் படும்படி பழைய பருத்தித் துணியில் பரப்பி, அரைச் சென்ரிமீற்றர் நூலோட்டுத் தையலால் வரிவரியாகத் தைக்க வேண்டும். மாப்பசை பூசினால் கரப்பான் அரிக்கும். ஒவ்வொரு தாளிலும் கறை ஒவ்வொரு விதமாக இருப்பதால், மலையும் மேகமும் பாறையும் தானாகவே அமைந்துவிடும். இது சட்டமிட்டு மாட்டும் படத்துக்கே ஏற்றது, துவைக்க முடியாது.

எதைத் தைப்பது?

பூவும் மயிலும் எங்கும் கிடைக்கும். நீங்கள் விட்டுவந்த இடம் வேறெங்கும் கிடைக்காது. லயம் எந்தப் பக்கம் பார்த்து நின்றது, பீலி எங்கே இருந்தது, கோயிலுக்குப் போகும் படிகள் எத்தனை, யார் வீட்டு முற்றத்தில் பலா நின்றது என்பதெல்லாம் இப்போது உங்கள் நினைவில் மட்டுமே இருக்கின்றன. நான்கைந்து பேர் கூடிப் பேசித் தைத்தால் ஒருவர் மறந்ததை மற்றவர் சொல்வார். லயத்துக்கு உறுதி கொடுத்தவர் யாருமில்லை. தைத்த துணியும் உறுதியாகாது. ஆனாலும் யார் யார் எங்கே வாழ்ந்தார்கள் என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்ட ஒன்று இருக்கும்.

முதலில் தைத்ததை விற்காமல் உங்களிடமே வைத்திருங்கள். இறந்தவர்களைப் படத்தில் காட்டுவதானால் அந்தக் குடும்பத்தின் சம்மதத்தைக் கேளுங்கள். மனம் தாங்காதவரை அந்த வேலைக்கு வற்புறுத்தக் கூடாது. அவர் சாயம் போடட்டும்.

விலை

சக்கைக்கும் கந்தைக்கும் காசில்லை என்பதால் வேலைக்கும் காசில்லை என்று எண்ணிவிடாதீர்கள். ஒரு முழ அளவுச் சதுரத்துக்குப் பன்னிரண்டு மணித்தியாலம் சென்றால் அது ஒன்றரைப் பேர். நூல், படிகாரம், விறகு, பஸ் கூலி ஆகியவற்றை அத்துடன் கூட்டுங்கள். கடைக்காரர் தமது பங்கை அதற்கு மேல்தான் வைக்க வேண்டும். தோட்டத்துக் கூலிக்குக் குறைவாகக் கேட்டால் கொடுக்காதீர்கள்; இரக்கப்பட்டு வாங்குகிறவர் ஒரு முறைதான் வாங்குவார்.

எல்லவுக்கு வரும் பயணிகள் தங்கள் பையில் அடங்கும் சிறிய, பாரமற்ற பொருளையே தேடுவார்கள். பின்புறத்தில் தைத்தவரின் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றை நூலால் எழுதுங்கள். இதனால் குடும்பச் செலவு முழுவதும் தீர்ந்துவிடும் என்று சொல்வதற்கில்லை. காணி கிடைத்துப் பயிர் எடுக்கும் வரை கைச்செலவுக்குத் துணையாக இருக்கும். அரைக் கிலோ துணியுடன், மூன்று நான்கு பேராகத் தொடங்குங்கள். வெயிலில் வைத்த சோதனைத் துண்டுகளைப் பார்த்த பிறகு அளவைக் கூட்டலாம்.