பனியனுக்கு அளவு உண்டு, மாதுளைக்கு?

பனியனுக்கு 80, 85, 90 என்று அளவு பார்த்துத் தைக்கும் திருப்பூரில் சாப்பாட்டு அறிவுரை மட்டும் ‘ஃப்ரீ சைஸ்’. மாதுளை இதயத்துக்கு நல்லது, பீட்ரூட் பிரஷரைக் குறைக்கும் என்று பழக்கடைப் பலகை முதல் வாட்ஸ்அப் வரை ஒரே பேச்சு. முழுப் பொய் என்று தள்ள முடியாது, பாதிக் கதைதான். மாதுளையிலுள்ள எல்லகிடானின் என்ற வேதிப்பொருள் அப்படியே ரத்தத்தில் சேர்வதில்லை. பெருங்குடல் நுண்ணுயிரிகள் அதை யூரோலித்தின் என்ற சிறு மூலக்கூறாக மாற்றிய பிறகே உடல் அதை உறிஞ்சுகிறது. ஸ்பெயினின் முர்சியா நகர ஆய்வாளர்கள் இதை வைத்து மனிதர்களை மூன்று வகையாகப் பிரித்தார்கள். அதில் ஒரு வகையினருக்கு, ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு, யூரோலித்தின் உருவாவதே இல்லை. ஓவர்லாக் மிஷினில் பக்கத்துப் பக்கத்தில் உட்காரும் தேனிக்காரரும் ஒடிசாக்காரரும் ஒரே பழத்தைப் பங்கிட்டுத் தின்றாலும் உள்ளே நடப்பது வேறாக இருக்கலாம். சொந்த ஊரைக் கேட்டு அதை ஊகிக்கவும் முடியாது.

பீட்ரூட்டின் கதை இன்னும் வேடிக்கை. அரை லிட்டர் பீட்ரூட் சாறு குடித்த ஆரோக்கியமானவர்களுக்கு ரத்த அழுத்தம் சுமார் 10 புள்ளி இறங்கியதை 2008இல் லண்டன் ஆய்வு காட்டியது. கீரையிலும் பீட்ரூட்டிலும் உள்ள நைட்ரேட் ரத்தத்தில் கலந்து, எச்சிலில் திரும்பி வருகிறது. நாக்கிலுள்ள பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்க, அதிலிருந்து ரத்தக்குழாயைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடு பிறக்கிறது. 2013இல் 19 பேரை ஒரு வாரம் கிருமிநாசினி மவுத்வாஷால் வாய் கொப்பளிக்கச் சொன்னபோது பிரஷர் சில புள்ளிகள் ஏறியது. நாக்கில் யார் குடியிருக்கிறார்கள் என்பதும் கணக்கில் வருகிறது.

அப்படியானால் கீரை எதற்கு என்று கேட்கலாம். அதிலுள்ள பொட்டாசியம் இந்த நுண்ணுயிரிகளின் தயவுக்குக் காத்திருப்பதில்லை, நார்ச்சத்தும் முழுக்க அவற்றை நம்பி இல்லை. மெஸ் தட்டில் பொரியல் கூடினால் பரோட்டா கொஞ்சம் குறையும், அதுவே லாபம். குடல் நுண்ணுயிரிகளை அறிய எல்லோருக்கும் மலப் பரிசோதனை செய்துவிடலாமே என்பவர்களுக்கும் என் பதில் ‘இப்போது வேண்டாம்’ என்பதே. யூரோலித்தின் உருவாகிறவர்களுக்கு மாரடைப்பு குறைகிறது என்று இன்னும் நிரூபணமாகவில்லை. அதற்குள் பரிசோதனையை விற்பது அவசரம். ஆளுக்கு ஆள் மாறும் விஷயங்களில் மருத்துவர்களுக்கு உறுதியாகத் தெரிந்தவை வேறு இருக்கின்றன. இதயத்தில் செயற்கை வால்வு வைத்து, ரத்த உறைவைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர், ஒரு வாரம் கீரையே இல்லாமல், மறுவாரம் தினமும் முருங்கைக்கீரை என்று மாற்றினால் மருந்தின் வேலை தடுமாறும். சிறுநீரகம் பழுதானவருக்கு, ஒன்றரை ஷிப்ட் முடித்துக் கம்பெனி வாசலில் குடிக்கும் இளநீரின் பொட்டாசியமே இதயத் துடிப்பைக் குலைத்துவிடலாம்.