வெள்ளம் வடிந்த பிறகு வரும் பணம்

2025 அக்டோபரில் பெய்த கனமழையில் கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களுக்குள் வெள்ளம் புகுந்தது. இப்படி ஒரு வெள்ளம் வடிந்ததும் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வேளாண்மை, தோட்டக்கலைத் துறை அலுவலர்கள் எல்லோரும் சிட்டா, அடங்கலோடு வரப்பில் இறங்குவார்கள். கூட்டுக் கணக்கெடுப்பு என்று இதற்குப் பெயர். பயிரில் 33 சதவீதமோ அதற்கு மேலோ சேதமானால்தான் அந்த வயல் பட்டியலில் ஏறும். அந்தப் பட்டியல் உத்தமபாளையம் வட்டாட்சியர் அலுவலகம், தேனி ஆட்சியர் அலுவலகம், சென்னை என்று பயணப்படும்.

அதுவரை கஞ்சிக்கு வழி? முகாமில் சோறு, மீட்பு வண்டிக்கு டீசல், உடைந்த கரைக்கு மணல் மூட்டை ஆகியவை அரசாணைக்காகக் காத்திருக்க முடியாது. அவசரத்தில் ஆட்சியரே கருவூலத்திலிருந்து பணம் எடுத்துச் செலவிட, தமிழ்நாடு கருவூல விதி 27 இடமளிக்கிறது. கணக்கைப் பிறகு நேர்செய்துகொள்ளலாம்.

அடுத்த படி, மாநிலப் பேரிடர் நிவாரண நிதி. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி அமைந்த இந்த நிதியின் சிறப்பு, பேரிடர் வருவதற்கு முன்பே அதில் பணம் இருப்பதுதான். எந்த மாநிலத்துக்கு எவ்வளவு என்பதை நிதி ஆணையம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை வகுத்துவிடுகிறது. 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்கு எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து 15ஆவது நிதி ஆணையம் பரிந்துரைத்த தொகை 1,28,122 கோடி ரூபாய். தமிழ்நாடு போன்ற மாநிலங்களில் ஒன்றிய அரசின் பங்கு 75 சதவீதம், மாநிலத்தின் பங்கு 25. வடகிழக்கு, இமயமலை மாநிலங்களுக்கு இது 90க்கு 10. ஃபெஞ்சல் புயலுக்குப் பின் 2024 டிசம்பரில் ஒன்றிய அரசு விடுவித்த 944.80 கோடி ரூபாய் இந்த நிதிக்கான அந்த ஆண்டின் இரு தவணைகளே. புதிதாகக் கிடைத்த உதவி அல்ல.

வெள்ளம், புயல், வறட்சி, நிலச்சரிவு, தீ என 12 பேரிடர்களுக்கு இந்தப் பணத்தைச் செலவிடலாம். 2018 மார்ச்சில் போடி அருகே குரங்கணியில் 23 உயிர்களைக் குடித்த காட்டுத்தீயைப் போன்ற தீ விபத்துகளும் இதில் அடங்கும். பட்டியலில் இல்லாதவற்றை மாநிலமே பேரிடராக அறிவித்து, நிதியில் 10 சதவீதம் வரை செலவிட முடியும். தமிழ்நாடு 2024இல் வெப்ப அலையை அப்படி அறிவித்தது.

மாநில நிதி போதாதபோதுதான் டெல்லியின் கதவைத் தட்ட வேண்டும். மாநிலம் கோரிக்கை மனு அனுப்பும். ஒன்றியக் குழு வந்து பார்வையிடும். உள்துறை அமைச்சர் தலைமையிலான உயர்மட்டக் குழு தொகையை முடிவு செய்யும். பணம் தேசியப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து வரும். 2001இல் கொண்டுவரப்பட்ட, சிகரெட் உள்ளிட்ட புகையிலைப் பொருள்கள் மீதான பேரிடர் தீர்வை அதற்கு ஒரு வருவாய் வழி.

இந்தக் கட்டத்தில்தான் எதிர்பார்ப்புக்கும் கைக்கு வருவதற்கும் பெரும் இடைவெளி விழுகிறது. 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயலுக்கும் தென்மாவட்ட வெள்ளத்துக்கும் தமிழ்நாடு கேட்டது சுமார் 37,907 கோடி ரூபாய். உயர்மட்டக் குழு ஏற்றது ஏறத்தாழ 682 கோடி. 2024 ஏப்ரலில் விடுவிக்கப்பட்டதோ சுமார் 276 கோடி. மாநிலம் நிரந்தரச் சீரமைப்புக்கும் சேர்த்துக் கேட்கிறது. தேசிய நிதியின் விதிகளோ உடனடி நிவாரணத்தை மட்டுமே கணக்கில் கொள்கின்றன. போதாக்குறைக்கு, மாநில நிதியில் ஆண்டுத் தொடக்கத்தில் இருந்த இருப்பில் பாதியும் கழிக்கப்படுகிறது.

வேறு நாடுகள் வேறு வழியில் போகின்றன. 2005இல் கத்ரீனா சூறாவளி தாக்கிய இரு வாரங்களுக்குள் அமெரிக்க நாடாளுமன்றம் இரண்டு அவசரச் சட்டங்களில் 6,200 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. 2011 மார்ச் சுனாமிக்குப் பின் ஜப்பான் மே மாதத் தொடக்கத்தில் சுமார் 4 லட்சம் கோடி யென்னுக்குத் துணை பட்ஜெட் நிறைவேற்றியது. சேதத்தின் அளவைப் பார்த்து அங்கே புதிய பணம் ஒதுக்கப்படுகிறது. இங்கே முன்பே வகுத்த தொகைக்குள் சேதத்தை அடக்கப் பார்க்கிறோம்.

அதன் வலி பள்ளத்தாக்கின் திராட்சைப் பந்தலடியில் தெரியும். 2022–26 விதிகளின்படி பல்லாண்டுப் பயிருக்கு ஹெக்டேருக்கு 22,500 ரூபாய். ஏக்கருக்கு ஏறக்குறைய 9,100. பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000. அதுவும் இரண்டு ஹெக்டேர் வரைதான். இது போன விளைச்சலின் விலை அல்ல, மறுபடி பயிர் வைக்க இடுபொருள் மானியம். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை, கல்தூணும் கம்பியும் கட்டிய பந்தலில் படர்வது. அந்தப் பந்தல் சாய்ந்தால் இந்தத் தொகை எந்த மூலைக்குக் காணும்? மாநில அரசு விரும்பினால் தன் பணத்தில் கூட்டிக் கொடுக்கலாம். 2023 பிப்ரவரியில் மழையில் சேதமான நெல்லுக்கு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் அறிவித்தது.

நிவாரணத்தைவிடத் தடுப்புக்குச் செலவிடுவது மேல் என்பதற்கு இந்தப் பள்ளத்தாக்கே சாட்சி. 1876–78 தாது வருடப் பஞ்சத்தில் சென்னை மாகாணம் செத்து மடிந்தது. அதன்பின் இந்திய அரசு ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி ரூபாய் பஞ்சக் காப்பு நிதியாக ஒதுக்கத் தொடங்கியது. பல பத்தாண்டுகள் பேச்சளவில் கிடந்த பெரியாறு அணைத் திட்டமும் வேகம் பெற்றது. 1895இல் பொறியாளர் பென்னிகுவிக் கட்டி முடித்த அணையின் தண்ணீரில்தான் கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இன்றும் இருபோகம் காண்கிறது.

15ஆவது நிதி ஆணையம் தடுப்புக்கென்று தனி நிதியை வகுத்தது: மாநிலங்களுக்கு ஐந்தாண்டில் 32,031 கோடி ரூபாய், அதாவது நிவாரணம், தடுப்பு இரண்டுக்குமான மொத்தத் தொகையில் ஐந்தில் ஒரு பங்கு. தேசியத் தடுப்பு நிதியின் கீழ் சென்னை வெள்ளத் தடுப்புக்கு 2023இல் 561 கோடி ரூபாய் திட்டம் ஒப்புதல் பெற்றது. தேனியின் தேவைகள் அந்த அளவு பெரியவை அல்ல: மலையடிவார ஓடைகளில் தடுப்பணை, ஆற்றுக்கரைகளைப் பலப்படுத்துதல், கண்மாய்களைத் தூர்வாருதல், கோடைக்கு முன் காட்டில் தீத்தடுப்புக் கோடு போடுதல். சேதக் கணக்கு எழுதி அனுப்பும் அதே ஆட்சியர் அலுவலகத்திலிருந்து, மழைக்கு முன்பே இந்த வேலைகளுக்கான மதிப்பீடும் போக வேண்டும். பணம் கேட்கத் தனி நிதி இருக்கிறது.