சிகிச்சைக்காகக் கடல் கடக்கும் முன்

வெளிநாட்டில் சிகிச்சை என்று முடிவானவுடன் பெரும்பாலான குடும்பங்கள் விமானக் கட்டணத்தைத்தான் முதலில் விசாரிக்கின்றன. அதற்கு முன்பே கையில் இருக்க வேண்டியது, அங்குள்ள மருத்துவமனை அளிக்கும் செலவு மதிப்பீட்டுக் கடிதம். நோய் இன்னது, செய்யவிருக்கும் சிகிச்சை இன்னது, இத்தனை நாள் தங்க வேண்டும், இவ்வளவு செலவாகும் என்று கூறும் அந்தத் தாளை விசா அதிகாரி கேட்பார். தொகை பெரிதானால் வங்கியும் கேட்கும். அமெரிக்கா செல்வோர் இதனுடன் உள்ளூர் மருத்துவரின் நோயறிக்கையையும் காட்ட வேண்டும். பிரிட்டன், தனியார் சிகிச்சைக்கென 11 மாதம் வரை தங்க அனுமதிக்கிறது; அங்கும் இத்தகைய கடிதம் கட்டாயம்.

கடிதம் கேட்டு எழுதுவதற்கு முன், அச்சிகிச்சை இந்தியாவில் கிடைக்காதா என்பதை மருத்துவரிடம் மனம்விட்டுக் கேட்டுவிடுவது நல்லது. புரோட்டான் கதிர்வீச்சுக்காக நம் நோயாளிகள் வெளிநாடு சென்ற காலம் உண்டு. 2019 முதல் அது சென்னையிலேயே கிடைக்கிறது.

மதிப்பீட்டை இறுதிக் கட்டணமாக எண்ணிவிடக் கூடாது. மயக்க மருத்துவரின் கட்டணம், உடலில் பொருத்தும் கருவிகளின் விலை, தீவிர சிகிச்சைப் பிரிவில் கூடுதலாகக் கழியும் நாட்கள் ஆகியவை அதில் அடங்குமா என்று எழுத்து மூலம் கேட்டுப் பெறுங்கள். முன்பணத்தில் மீதமானால் எப்படித் திரும்ப வரும் என்பதையும் கேளுங்கள். மருத்துவமனையை விட்டு வெளிவந்த பின், பயணத்துக்கு மருத்துவர் இசைவு தரும்வரை வாடகை அறையில் காத்திருக்கும் வாரங்களைப் பலர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

ரிசர்வ் வங்கியின் தாராளமயமாக்கப்பட்ட பணம் அனுப்பும் திட்டத்தின்படி, இந்தியாவில் வசிக்கும் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலர் வரை அனுப்பலாம். உடன் செல்லும் துணையாளருக்கும் இதே வரம்பு தனியாக உண்டு. சிகிச்சைச் செலவு இதனையும் தாண்டினால், மருத்துவமனையின் மதிப்பீட்டின் பேரில் கூடுதல் தொகை அனுமதிக்கப்படும். ஏ2 படிவத்தில் நோக்கம் மருத்துவச் சிகிச்சை என்றே பதிவாகியிருக்கிறதா என்று சரிபாருங்கள். 2025 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய் வரை மூலத்தில் வரி வசூலிக்கப்படுவதில்லை. அதற்கு மேற்பட்ட தொகையில், மருத்துவத்துக்கு உள்ள விகிதத்தைவிட மற்ற பல நோக்கங்களுக்கான விகிதம் பல மடங்கு அதிகம். இவ்வரியை வருமான வரிக் கணக்கில் ஈடுசெய்துகொள்ளலாம் என்றாலும், பணம் அனுப்பும் அன்று அது கையில் இருந்தாக வேண்டும்.

காப்பீட்டை நம்பிப் புறப்படுவோரும் உண்டு. நம் நாட்டு மருத்துவக் காப்பீடுகளுள் பெரும்பாலானவை இந்தியாவுக்குள் பெறும் சிகிச்சைக்கே பொருந்தும். பயணக் காப்பீடோ, சிகிச்சைக்கென்றே மேற்கொள்ளும் பயணத்தில் அச்சிகிச்சைச் செலவைப் பொதுவாக ஏற்பதில்லை.

கிளைகளில் நாங்கள் அடிக்கடி காணும் சங்கடம் வேறொன்று. கணவன், மனைவி இருவர் பெயரிலும் உள்ள வைப்புத்தொகையை ‘இருவரில் ஒருவர்’ இயக்கலாம் என்று இருந்தாலும், முதிர்வுக்கு முன் முறிக்கப் பொதுவாக இருவர் கையொப்பமும் தேவை. ஒருவர் அயல்நாட்டில் அறுவை மேசையில் இருக்கையில் அந்தக் கையொப்பத்தை எங்கே பெறுவது? புறப்படும் முன்பே கிளைக்கு வந்து இதற்கான எழுத்துமூல அதிகாரத்தை அளித்துவிடுங்கள். ஒருமுறைக் கடவுச்சொல் வந்து சேரும் கைப்பேசி எண் வெளிநாட்டிலும் இயங்குமாறு செய்துகொள்ளுங்கள். நள்ளிரவில் மருத்துவமனை கேட்கும் தொகை, அந்த ஒரு குறுஞ்செய்தி வராமல் தடைபட்டுவிடக் கூடும்.

ஊர் திரும்பும்போது சிகிச்சைச் சுருக்கம், ஸ்கேன் படங்களின் குறுந்தகடு, திசுப் பரிசோதனை அறிக்கை ஆகியவற்றைக் கேட்டு வாங்கி வாருங்கள். தொடர்ந்து கவனிக்கப்போகும் உள்ளூர் மருத்துவர் முதலில் கேட்பது அவற்றைத்தான். மீந்த டாலர் 2,000-க்கு மேற்பட்டால், திரும்பிய 180 நாட்களுக்குள் அம்மிகுதியை வங்கியில் ஒப்படைக்க வேண்டும்.