மரபணுவில் ஓரெழுத்து மாற்றம்: சிறார்களைத் தாக்கும் மூளைத்தண்டுப் புற்றுநோய்

நியூஸிலாந்தில் சிறார் புற்றுநோய்க்கான சிறப்புச் சிகிச்சை மையங்கள் இரண்டே உள்ளன. ஒன்று கிறைஸ்ட்சர்ச்சில் இருக்கிறது. மற்றது ஆக்லாந்தின் ஸ்டார்ஷிப் சிறார் மருத்துவமனை. இத்தகைய மையங்களில் மருத்துவர்கள் பெரிதும் அஞ்சும் நோய்களில் ஒன்று, டி.ஐ.பி.ஜி. எனப்படும் மூளைத்தண்டுக் கட்டி. உயிர்காக்கும் நரம்புகளுக்கிடையே அது ஊடுருவிப் பரவுவதால், அறுவை சிகிச்சை மூலம் அகற்ற இயலாது. கதிர்வீச்சு சில மாத அவகாசம் தரும். பாதிக்கப்பட்ட சிறார்களில் பெரும்பாலோர் ஓராண்டையொட்டி இறந்துவிடுகின்றனர்.

இந்தக் கட்டிகள் பலவற்றின் தொடக்கம் ஹிஸ்டோன் மரபணுவில் ஏற்படும் ஒரேயொரு எழுத்து மாற்றம் என்பதை, கனடா மற்றும் அமெரிக்க ஆய்வாளர்கள் 2012ஆம் ஆண்டு கண்டறிந்தனர்.

நம் உயிரணு ஒவ்வொன்றிலும் சுமார் இரண்டு மீட்டர் நீள டி.என்.ஏ. இழை இருக்கிறது. நூற்கண்டில் நூலைச் சுற்றுவதுபோல், அது ஹிஸ்டோன் புரதங்களின் மீது சுற்றப்பட்டுள்ளது. அந்தப் புரதங்களில் ஒட்டும் வேதிக்குறிகள், எந்த மரபணு இயங்கலாம், எது அடங்கியிருக்க வேண்டும் என்பதைப் பெருமளவு நிர்ணயிக்கின்றன. எச்3 என்ற ஹிஸ்டோனின் 27ஆவது இடத்திலுள்ள லைசின் மீது மீத்தைல் குறி ஏறினால், அருகிலுள்ள மரபணு அடங்கிவிடும். ஆனால் டி.ஐ.பி.ஜி. கட்டிகளில் சுமார் 80 சதவீதத்தில், லைசினின் இடத்தை மெத்தியோனைன் பிடித்துக்கொள்கிறது. அதில் இக்குறி ஏறாது.

இதில் ஒரு புதிர் இருந்தது. எச்3 புரதத்தை உருவாக்கும் மரபணுக்கள் மனிதரிடம் பத்துக்கும் மேல் உள்ளன. பழுதடைவது அவற்றில் ஒன்றின் ஒரு பிரதி மட்டுமே. அப்படியிருக்க, உயிரணு முழுவதும் அந்தக் குறி அருகிப்போவது ஏன்? நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஆலிஸ் தலைமையிலான குழு 2013ல் விடையளித்தது. பழுதான ஹிஸ்டோன், குறியிடும் நொதியையே முடக்கிவிடுகிறது. அடங்கியிருக்க வேண்டிய மரபணுக்கள் விழித்துக்கொள்ள, முதிர வேண்டிய உயிரணு முதிராமல் பெருகத் தொடங்குகிறது. எனினும் இது தனித்துச் செயல்படுவது அரிது, டி.பி.53 போன்ற காவல் மரபணுக்களும் பழுதாகும்போதே பெரும்பாலும் கட்டி வளர்கிறது.

இந்த மாற்றம் பொதுவாகப் பெற்றோரிடமிருந்து வருவதில்லை; குழந்தையின் மூளை வளரும்போது தற்செயலாக நேர்கிறது. தங்களையே நொந்துகொள்ளும் பெற்றோர்க்கு இதைச் சொல்வதும் சிகிச்சையின் ஒரு பகுதிதான்.

இம்மாற்றமுள்ள கட்டிகளுக்கென டோர்டாவிப்ரோன் என்ற மருந்தை அமெரிக்கா 2025 ஆகஸ்டில் அங்கீகரித்தது. ஆய்வுக்குட்பட்ட 50 பேரில் 22 சதவீதத்தினரிடம் மட்டுமே கட்டி சுருங்கியது. அமெரிக்க அங்கீகாரம் கிடைத்ததாலேயே ஒரு மருந்து ஆக்லாந்தின் நோயாளியை எட்டிவிடாது. மெட்சேஃப் அதற்கு அனுமதி தர வேண்டும். அதை அரசுச் செலவில் வழங்குவதா என்பதை ஃபார்மாக் தனியே முடிவு செய்ய வேண்டும்.