புலப்படத்தில் நம் முன்னோர்



சர்வே வகுப்பில் சங்கிலி பிடித்துக் கை வலித்திருக்கும். அதே சங்கிலி நம் குடும்பக் கதையையும் அளந்து வைத்திருக்கிறது, தெரியுமா?

சென்னை மாகாணத்தில் 1858-ல் ரெவின்யூ சர்வே தொடங்கியது. ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு சர்வே எண், ஒரு புலப்படம். பழைய படங்களில் அளவு லிங்க் கணக்கில் இருக்கும். 100 லிங்க் ஒரு சங்கிலி, அதாவது 66 அடி. 1000 சதுர லிங்க் ஒரு சென்ட்.

படத்தில் பெயர் இருக்காது, எண்தான். அந்த எண்ணை 'அ' பதிவேட்டில் பார்த்தால் பட்டாதாரர் பெயர் கிடைக்கும். 112 என்ற எண் 112/1, 112/2 என்று உடைந்திருந்தால், அங்கே பாகப்பிரிவினையோ கிரயமோ நடந்திருக்கலாம். மறு சர்வே நடந்த ஊரென்றால் பழைய எண்ணையும் புது எண்ணையும் ஒப்பிட்டுப் பார்க்கணும்.

எங்கள் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். தாத்தா கூலிக்கு ஏர் உழுதவர். எந்தப் பதிவேட்டிலும் அவர் பெயர் இல்லை. ஆனால் அவர் சொன்ன கிணறும் வண்டிப்பாதையும் கிராமப் படத்தில் அப்படியே இருக்கின்றன. "இந்த வரப்பெல்லாம் நான் போட்டதுடா" என்பார். அந்தக் கோடுகளைப் பார்க்கும்போது அதுதான் ஞாபகம் வருகிறது.

நிலமில்லாதவர் கதையைப் பதிவேடு சொல்லாது. படத்தை விரித்து வைத்து வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். சொல்வதை எண் போட்டு எழுதி வையுங்கள். இன்றே!