குளிர்காலத்தில் வெயில் தேடும் சைக்கிள்கள்

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பட்டயப் படிப்பு மாணவன்)



சைக்கிள் என்றால் நம்மில் பலருக்கு வீட்டிலிருந்து கல்லூரி வாசல் வரைதான். ஆனால் ஒரே நாளில் 200 கிலோமீட்டர் மிதிப்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அவர்களில் குளிர்நாட்டுக்காரர்கள் நவம்பர் வந்துவிட்டால் ஒரு வேலை செய்வார்கள். அட்டவணையை விரித்து வைத்துக்கொண்டு, "எந்த ஊரில் வெயில் அடிக்கும்? அங்கே எந்தத் தேதியில் ஓட்டம் இருக்கிறது?" என்று தேடுவார்கள். நாம் நிழல் தேடி ஓடுகிறோம், இவர்கள் வெயிலைத் தேடுகிறார்களா என்கிறீர்களா? காரணம் இருக்கிறது.

பிரெவெட் என்றால் என்ன?

பிரெவெட் என்பது பிரெஞ்சுச் சொல். சான்றிதழ் என்று பொருள். இது பந்தயமல்ல. முதல், இரண்டாம் பரிசு எல்லாம் கிடையாது. குறித்த தூரத்தைக் குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டும், அவ்வளவுதான். 200 கி.மீ.க்கு 13½ மணி நேரம், 300க்கு 20 மணி, 400க்கு 27 மணி, 600க்கு 40 மணி. டீ குடிப்பது, பஞ்சர் ஒட்டுவது எல்லாம் இந்த நேரத்துக்குள்ளேயே அடக்கம். வழியில் உள்ள கட்டுப்பாட்டு நிலையங்களில் கையிலுள்ள அட்டையில் பதிவு செய்துகொண்டே போக வேண்டும். இந்த முறைக்குத் தலைமை, 1904இல் தொடங்கிய ஆடாக்ஸ் கிளப் பாரிசியன் என்ற பிரெஞ்சு அமைப்பு. 1891இல் பிறந்த பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் என்ற சுமார் 1200 கி.மீ. ஓட்டத்தையும் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை இவர்களே நடத்துகிறார்கள். 2023இல் நடந்தது, அடுத்தது 2027.

குளிரில் ஓட்டியே ஆக வேண்டுமா?

அமெரிக்காவில் 1998இல் தொடங்கிய ராண்டனியர்ஸ் யு.எஸ்.ஏ. என்ற அமைப்பு 'ஆர்–12' என்று ஒரு விருது வைத்திருக்கிறது. தொடர்ந்து பன்னிரண்டு மாதமும், மாதத்துக்கு ஒரு முறையாவது 200 கி.மீ. அல்லது அதற்கு மேல் ஓட்ட வேண்டும். எந்த மாதத்திலும் தொடங்கலாம். ஒரு மாதம் விட்டால் போச்சு, மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பம்!

என் பெரியப்பா மகன் நம்மைப் போல டிப்ளமோ படித்தவர்தான். இப்போது மினியாபோலிஸ் நகரில் வேலை. மே மாதம் இந்தச் சங்கிலியைத் தொடங்கினார். நவம்பரை வீட்டுப் பக்கமே நடுங்கிக்கொண்டு ஓட்டி முடித்தார். டிசம்பருக்கு ஃபுளோரிடா போனார். ஒன்பதாவது மாதம் ஜனவரி. அங்கே வாசலைத் திறந்தால் முழங்கால் உயரத்துக்குப் பனி. "எட்டு மாச உழைப்புடா தம்பி, எப்படி விடறது?" என்று போனில் புலம்பினார். அவர் தேடிய கதையைக் கேட்டுத்தான் இந்த விஷயமே எனக்குப் புரிந்தது.

குளிர் என்ன செய்யும்?

முதலில் காற்று. வெப்பநிலை மைனஸ் 10 டிகிரி, காற்று மணிக்கு 25 கி.மீ. என்றால், தோலுக்கு அது மைனஸ் 19 டிகிரி போல இருக்கும். சைக்கிளில் போகிறவன் தன் காற்றைத் தானே உண்டாக்கிக்கொள்கிறான். வேகமாகப் போனால் வேர்க்கும். நின்றால் அந்த வேர்வையே உடம்பைக் குளிரவைக்கும்.

அடுத்து டயர். கன அளவு மாறாவிட்டால், வாயுவின் அழுத்தம் தனிவெப்பநிலையோடு சேர்ந்து ஏறும், இறங்கும். முதலாண்டு இயற்பியலில் படித்ததுதான்! 20 டிகிரி அறையில் 80 பவுண்டு காற்றடித்து மைனஸ் 10 டிகிரியில் வெளியே எடுத்தால், சுமார் 70 பவுண்டுதான் நிற்கும். விளக்கு பேட்டரியும் குளிரில் சீக்கிரம் சோர்ந்துபோகும்.

எல்லாவற்றுக்கும் மேல் இருட்டு. டிசம்பர் 21 அன்று மினியாபோலிஸில் பகல் 9 மணி நேரம்கூட இல்லை. 13½ மணி நேரமும் எடுத்துக்கொள்கிறவர், கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டி படிந்த சாலையில் நாலு மணி நேரத்துக்கு மேல் இருட்டில் போக வேண்டும். இது வீரமல்ல, விபத்துக்கு அழைப்பு.

எப்படித் தேடுவது?

அண்ணன் சொன்ன வரிசையிலேயே தருகிறேன்.

1. முதலில் அட்டவணை, அப்புறம்தான் ஊர். ஒவ்வொரு நாட்டு அமைப்பும் தன் ஓட்டங்களைத் தேதி, ஊர், தூரம் வாரியாக இணையத்தில் வெளியிடுகிறது. ஊரைத் தேர்ந்துவிட்டுத் தேதி தேடினால் ஏமாற்றம்தான். அமெரிக்காவில் 'பெர்மனன்ட்' என்று நிலையான வழித்தடங்களும் உண்டு. உறுப்பினர்கள் முறைப்படி பதிவு செய்துகொண்டு தங்களுக்கு வசதியான நாளில் ஓட்டலாம். அதுவும் ஆர்–12 கணக்கில் சேரும்.

2. பகலின் நீளம். பூமியின் அச்சு 23½ டிகிரி சாய்ந்திருப்பதால் டிசம்பரில் தெற்கே போகப் போகப் பகல் நீளும். மியாமியில் சுமார் 10½ மணி. சென்னையில் 11 மணிக்கு மேல்.

3. பகல் வெப்பத்தை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. அரிசோனாவின் ஃபீனிக்ஸில் ஜனவரிப் பகல் 19, 20 டிகிரி. ஆனால் அது பாலைவனம். வறண்ட காற்று சூட்டைப் பிடித்து வைக்காது. இரவில் 7, 8 டிகிரிக்கு இறங்கிவிடும். ஓட்டமோ விடியும் முன்பே தொடங்கும்! கடலோர ஃபுளோரிடாவில் ஈரப்பதம் இருப்பதால் இந்த ஏற்றஇறக்கம் குறைவு.

4. மேடும் மழையும். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6½ டிகிரி குறையும். அடிவாரத்தில் இதமாக இருக்கும், உச்சியில் பல் கிட்டும். தெற்குக் கலிபோர்னியாவில் குளிர் மிதம்தான். ஆனால் அங்கே மழைக்காலமே குளிர்காலத்தில்தான்.

5. உடம்பு. ஜனவரியில் ஆஸ்திரேலியாவில் கோடை, பகலும் நீளம். அங்கேயே போய்விடலாமே என்று கேட்டேன். "பனியிலிருந்து நேரா 38 டிகிரியில போய் இறங்கினா, 100 கிலோமீட்டர்ல ஆள் படுத்துருவான்" என்றார். உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்றிலிருந்து இரண்டு வாரம் வேண்டும். ஆகவே மிக வெப்பமான ஊரைத் தேடக் கூடாது. தாங்கக்கூடிய இளஞ்சூட்டைத் தேட வேண்டும்.

வண்டியைக் கொண்டுபோவது

விமானத்தில் சைக்கிள் அட்டைப்பெட்டியில் போகும். பெடல்களைக் கழற்ற வேண்டும். இடது பெடலுக்கு இடதுமரை என்பதை நமக்குச் சொல்லவேண்டியதில்லை. மறந்து திருகினால் மரையே போய்விடும். ஹேண்டில்பாரைத் திருப்பிக் கட்டி, செயினுக்குத் துணி சுற்ற வேண்டும். உபரி லித்தியம் பேட்டரிகளைக் கைப்பையில்தான் எடுத்துச் செல்லலாம். வந்து சேர்ந்ததும் முழுதாகப் பூட்டி, பிரேக் பார்த்து, பத்து கிலோமீட்டராவது ஓட்டிப் பார்க்க வேண்டும்.

நம் வாசலில்

கடைசியில் அண்ணன் எங்கே ஓட்டினார் தெரியுமா? சென்னையில்! வெளிநாட்டில் நடந்தாலும், பிரெஞ்சு அமைப்பின் அங்கீகாரம் பெற்ற பிரெவெட் ஆர்–12 கணக்கில் சேரும். பொங்கலுக்கு எப்படியும் ஊருக்கு வருகிறவர், அதை ஒட்டியே ஒரு 200 இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் பக்கம் வரை போய்த் திரும்புவது. ஜனவரியில் சென்னையில் பகலில் சுமார் 29 டிகிரி, விடியற்காலை 21. மேடு இல்லை. ஆனால் வடகிழக்குக் காற்று போகும்போது முதுகில் தள்ளும். திரும்பும்போது மார்பில் முட்டும். அதனால் முதல் பாதியில் வேகம் காட்டாமல் தெம்பைச் சேமித்தார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் உப்புப் போட்ட மோரும் இளநீரும் குடித்தார். நேரத்துக்குள் முடித்து அட்டையை நீட்டினார். ஒன்பதாவது மாதம் முடிந்தது. பிப்ரவரிக்கு இப்போது அரிசோனாவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நண்பர்களே, ஒருவர் விமானம் ஏறி வந்து பிடிக்கிற பருவம் நமக்கு இலவசமாக வருகிறது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, ஜனவரியும் பிப்ரவரியும்தான் நம் பக்கத்து நெடுந்தூர ஓட்டத்துக்கு நல்ல காலம். டிசம்பர் முதல் வாரத்தை நம்ப முடியாது. 2023இல் மிக்ஜாம் புயல் சென்னையை என்ன பாடுபடுத்தியது என்பது தெரிந்ததே. ஏப்ரல், மே வந்தால் வெயில் அடித்துப் போட்டுவிடும்.

கியர் வண்டிதான் வேண்டும் என்று விதி இல்லை. மனித சக்தியால் ஓடும் வண்டியாக இருந்தால் போதும். ஆனால் ஹெல்மெட், முன்பின் விளக்கு, இருட்டில் மின்னும் மேல்சட்டை அவசியம். நேராக 200க்குப் போகாதீர்கள். முதல் ஞாயிறு 40, அப்புறம் 60, அப்புறம் 100. செமஸ்டர் தேர்வு முடிந்த கையோடு வண்டிக்கு எண்ணெய் போட்டு, பிரேக் கட்டையை மாற்றிவிடுங்கள். சென்னை, கோவை போன்ற ஊர்களில் நடக்கும் பிரெவெட்டுகளின் தேதியை இப்போதே பார்த்து வையுங்கள். பருவம் நமக்காகக் காத்திருக்காது.

என்ன, கிளம்பலாமா?