புதிய இசையும் பழைய செவியும்

முன்னுரை

தாம் போற்றும் கலைஞர் புதிதாக ஒன்றைப் படைத்தளிக்கும்போது சுவைஞர் மகிழ்வர் என்பது பொதுவான எண்ணம். ஆயின் உண்மை அவ்வளவு எளியதன்று. மிகுந்த அன்புடையவரே மிகுந்த சினமும் கொள்வர். புதிய நூலோ பாடலோ வெளிவந்த அன்றே, 'இவர் முன்போல் இல்லை' என்னும் குரல் எழுவதை நாம் பலகாலும் கேட்டிருக்கிறோம். அக்குரலில் நியாயம் எவ்வளவு, அவசரம் எவ்வளவு என்பதை ஆங்கில நாட்டு இசைக்குழு ஒன்றின் வரலாற்றைக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். தமிழ்த்துறை மலரில் ராக் இசைக்கு என்ன வேலை என்று சிலர் வினவலாம். பாட்டாயினும் கவிதையாயினும் அதனை ஏற்கும் மனம் ஒன்றே என்பது நம் விடை.

'இண்டி' என்னும் சொல்

'இண்டி ராக்' என்பதில் 'இண்டி' என்பது தனித்தியங்குதல் என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லின் குறுக்கம். பெரிய இசை நிறுவனங்களைச் சாராமல், சிறு நிறுவனங்களின் வாயிலாகவோ தம் சொந்தப் பொருளிலோ இசைத்தட்டு வெளியிடும் வழக்கம் பிரிட்டனில் 1970களின் இறுதியில் வலுப்பெற்றது. மான்செஸ்டரைச் சேர்ந்த பஸ்காக்ஸ் குழுவினர் 1977இல் தாமே ஓர் இசைத்தட்டை வெளியிட்டமை இதற்கு முன்னோடி எனலாம். முதலில் வெளியீட்டு முறையைக் குறித்த இச்சொல், நாளடைவில் ஒருவகை இசைப்பாங்கையும், அதனைப் போற்றுவோரின் மனப்பாங்கையும் சுட்டுவதாயிற்று. 'இவர்கள் வணிகத்தின் பிள்ளைகள் அல்லர், நம்மவர்' என்பதே அம்மனப்பாங்கு. அன்பும் உரிமையும் அதில் பிரிக்கவொண்ணாதபடி கலந்துள்ளன.

சுவைஞர் வளர்த்த குழு

ஆர்க்டிக் மங்கீஸ் என்னும் குழு 2002இல் ஷெஃபீல்டு நகரில் தோன்றியது. இளைஞர் நால்வரும் தம் நிகழ்ச்சிகளுக்கு வந்தோர்க்குப் பாடல்கள் பதிந்த குறுந்தகடுகளை இலவசமாக வழங்கினர். பெற்றவர்கள் அவற்றைப் படியெடுத்து, இணையத்தின் வழியே பிறர்க்கும் பரப்பினர். விளைவு வியப்புக்குரியது. இசைத்தட்டு ஒன்றும் கடைக்கு வராத நிலையிலேயே, அரங்கில் கூடியோர் பாடல்களை மனப்பாடமாக உடன்பாடினர். பின்னர் 2005இல் டோமினோ என்னும் தனித்தியங்கும் நிறுவனம் அக்குழுவை ஏற்றது. 2006 சனவரி 23இல் வெளிவந்த முதல் தொகுப்பு, ஒரே வாரத்தில் பிரிட்டனில் 3,63,000க்கும் மேற்பட்ட படிகள் விற்றது.

விரைந்த கிதார், அதிரும் முரசு, வாரஇறுதி இரவுகளையும் தெருவோரச் சண்டைகளையும் ஷெஃபீல்டு வட்டார வழக்கிலேயே பாடும் குரல் ஆகியன அத்தொகுப்பின் இயல்புகள். கேட்ட இளைஞர், 'இது நம் ஊர், நம் பேச்சு' என்றனர். தாமே கைமாற்றிப் பரப்பிய பாடல்கள் ஆதலின், குழுவின் வளர்ச்சியில் தமக்கும் பங்குண்டு என அவர்கள் எண்ணியதில் தவறில்லை. பிற்காலப் பிணக்கின் வேரும் இதுவே.

நிலவில் ஒரு விடுதி

மாற்றம் ஒரே நாளில் வந்ததன்று. 2009இல் கலிபோர்னியப் பாலைநிலத்தில் ஒரு பகுதி பதிவான மூன்றாம் தொகுப்பு, இருண்டும் மெதுவாகவும் நடந்தது. அப்போதே முணுமுணுப்பு எழுந்தது. 2013இல் வந்த ஐந்தாம் தொகுப்பு, கனத்த கிதார் ஒலியும் ஆடத்தக்க தாளமும் கொண்டு உலகெங்கும் புதிய சுவைஞரைச் சேர்த்தது. அடுத்ததற்கு அவர்கள் ஐந்தாண்டுகள் காத்திருந்தனர்.

2018 மே 11இல் ஆறாம் தொகுப்பு வந்தது. வழக்கம்போல் ஒரு பாடலை முன்கூட்டி வெளியிடும் முறையும் கைவிடப்பட்டது. 'டிராங்க்விலிட்டி பேஸ் ஹோட்டல் அண்டு கசினோ' என்பது அதன் பெயர். 1969இல் மாந்தர் முதன்முதல் நிலவில் இறங்கிய இடத்தின் பெயரைத் தாங்கி, அங்கே ஒரு விடுதி இருப்பதாகக் கற்பனை செய்தது அத்தொகுப்பு. பாடகர் அலெக்ஸ் டர்னர் தம் முப்பதாம் பிறந்தநாளுக்குப் பரிசாகப் பெற்ற பியானோவில் அமர்ந்து இப்பாடல்களை இயற்றினார். கிதார் பின்னுக்குச் சென்றது. ஆட்டத்திற்குரிய தாளம் அடங்கியது. தனக்குத்தானே பேசிக்கொள்ளும் மனிதனின் குரல் முன்னே வந்தது.

மூவகை எதிர்வினை

சுவைஞரின் எதிர்வினையை மூவகைப்படுத்தலாம். முதல் வகையினர், 'இது குழுவின் இசையன்று, பாடகரின் தனிப்படைப்பு' என்றனர். 'கிதார் எங்கே?' என்பதே அவர்தம் வினா. இரண்டாம் வகையினர், வெற்றி தந்த வழியையே மீண்டும் நடவாத துணிவைப் போற்றினர். மூன்றாம் வகையினரே நம் கருத்துக்கு உரியவர். முதல்முறை கேட்டு ஏமாந்து, மூன்றாம் நான்காம் முறையில் மெல்ல மனம் மாறியவர்கள் அவர்கள்.

முணுமுணுப்புக்கிடையிலும் அத்தொகுப்பு பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. முதல் வாரத்தில் விற்ற சுமார் 86,000 படிகளுள் 24,000க்கும் மேற்பட்டவை பழைய முறை வினைல் இசைத்தட்டுகள். சினந்தவரும் வாங்காமலில்லை என்பது இதனால் புலனாகும். 2022இல் வந்த ஏழாம் தொகுப்பும் பழைய வழிக்குத் திரும்பவில்லை. நரம்பிசைக் கருவிகளின் துணையோடு அது மேலும் மெதுவாக நடந்தது.

ஏன் இந்தச் சினம்?

ஜெர்மானிய அறிஞர் ஹான்ஸ் ராபர்ட் யாவுஸ் 1967இல் வகுத்த ஏற்புக் கோட்பாடு ஈண்டு துணைபுரியும். எவரும் ஒரு படைப்பை வெறுமனத்தோடு அணுகுவதில்லை. முன்பு கற்றவையும் கேட்டவையும் ஓர் எதிர்பார்ப்பு எல்லையை வகுத்துவைக்கின்றன. புதிய படைப்பு அவ்வெல்லைக்குள் அடங்கின் மகிழ்வும், அதனைக் கடப்பின் மருட்சியும் தோன்றும். அம்மருட்சியையே நாம் பலவேளை படைப்பின் குறையாகக் கொள்கிறோம்.

1966 மே 17இல் மான்செஸ்டர் அரங்கில் பாப் டிலன் மின்கிதாரோடு பாடியபோது, நாட்டுப்புற இசையன்பர் ஒருவர் அவரை 'யூதாசு' எனக் கூவினார். காட்டிக்கொடுத்தவன் என்பது அதன் பொருள். அந்நிகழ்ச்சியின் பதிவு 1998இல் முறையாக வெளிவந்தபோது, அரிய செல்வமாகப் போற்றப்பட்டது. மாறியது இசையன்று; கேட்ட செவி.

இதனால் புதியன யாவும் சிறந்தன என்று கொள்ளலாகாது. மாற்றம் தன்னளவில் தகுதியாகாது. தளர்ந்த படைப்பும் துணிவின் பெயரால் உலவக்கூடும். ஆயினும், 'எனக்குப் பிடிக்கவில்லை' என்பது வேறு. 'இது நன்றன்று' என்பது வேறு. முன்னதைச் சொல்ல ஒருமுறை கேட்டால் போதும். பின்னதைச் சொல்லப் பலமுறை கேட்டிருத்தல் வேண்டும்.

நம் பிழை ஒன்று

இத்தொகுப்பை மாணவர் ஒருவர் தந்து கேட்கச் சொன்னபோது, நாமும் முதலில் முகம் சுளித்தோம். ஆயின் அச்சுளிப்பு நமக்கு வேறொன்றை நினைவூட்டியது. முன்னொரு காலத்தில், ஓசை நயம் மிக்க மரபுக் கவிதைகள் எழுதிவந்த மாணவர் ஒருவர் நம்மிடம் பயின்றார். ஒருநாள் அவர் சொற்சிக்கனமும் மௌனமும் நிறைந்த புதுக்கவிதைகள் சிலவற்றைக் கொண்டுவந்தார். ஒருமுறை படித்துவிட்டு, 'பழையபடியே எழுதுக' என்று கூறித் திருப்பித் தந்தோம். அவர் நன்றி சொல்லிச் சென்றார். அதன்பின் எதனையும் நம்மிடம் காட்டியதில்லை. கிதார் எங்கே என்று கேட்டவர்க்கும் நமக்கும் அன்று வேறுபாடு இருந்ததாகத் தெரியவில்லை.

நிறைவுரை

கலைஞனை வளர்ப்பவர் சுவைஞர், அதில் ஐயமில்லை. ஆயின் வளர்த்தவர் என்னும் உரிமை, வளர்ச்சியைத் தடுக்கும் உரிமையாகாது. ஆர்க்டிக் மங்கீஸ் குழுவின் சுவைஞருள் மூன்றாம் வகையினர் காட்டிய பொறுமை, கவிதை கற்பார்க்கும் கற்பிப்பார்க்கும் வேண்டப்படுவதாகும். மாணவரின் ஏட்டைத் திருப்பித் தருமுன் இன்னொருமுறை படித்தல், அப்பொறுமையின் எளிய தொடக்கமாகும்.